புயலிரவில் அண்டை வீடு

மனிதனுக்கு மனிதன் எத்துணைத் தேவையானவன் என்பதை அமைதியான நாட்கள் உணர்த்துவதில்லை. வேலிக்கு அப்பால் வாழ்பவரின் பெயரையும் அறியாமல் பல்லாண்டுகளைக் கழித்துவிட முடிகின்றது. வெள்ளமோ, தீயோ, புயலோ வந்து கதவைத் தட்டும்போதுதான், உறவினர் தொலைவில் இருக்கின்றனர், அண்டை வீட்டாரே அருகில் இருக்கின்றனர் என்னும் எளிய உண்மை நினைவுக்கு வருகின்றது. அந்த உண்மையை ஓரிரவில், மிகக் கொடிய முறையில் கற்றுக்கொண்ட நகரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலக் கடற்கரையிலுள்ள கால்வெஸ்டன் என்பது அதன் பெயர். 1900ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அந்நகரைத் தாக்கிய புயலே, உயிர்ச்சேதத்தைக் கொண்டு அளக்குமிடத்து, அந்நாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய இயற்கைப் பேரிடர் என இன்றளவும் கூறப்படுகின்றது.

கடல்கோள் என்னும் சொல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. எனினும், மலேசிய, சிங்கப்பூர் மக்களுக்குப் பெரும் புயல் என்பது பெரும்பாலும் செய்தித்தாளில் படிக்கும் ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் விசை தேவை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அவ்விசை குறைந்துகொண்டே வருவதால், இப்பகுதியில் புயல்கள் உருவாவது மிக அரிது. ஆனால் அரிது என்பது இல்லை என்பதாகாது. 1996ஆம் ஆண்டு டிசம்பரில் 'கிரெக்' என்னும் புயல் சபா மாநிலத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் 'வாமெய்' என்னும் புயல், அறிஞர்களே வியக்கும் வண்ணம், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகை தொலைவில் தோன்றி ஜொகூரில் கரையேறியது. அரிதானதை நடவாதது என்று எண்ணிவிடும் மயக்கமே கால்வெஸ்டன் மக்களையும் பிடித்திருந்தது. அதனால் அவர்களுடைய கதை எல்லாக் கடற்கரை மக்களும் அறியவேண்டிய கதையாகின்றது.

தீவும் அதன் செருக்கும்

கால்வெஸ்டன் ஒரு மணல் தீவு. ஏறத்தாழ முப்பது மைல் நீளமும், மிக அகன்ற இடத்திலும் மூன்று மைல் அளவே அகலமும் உடையது. ஒரு புறம் மெக்சிகோ வளைகுடா. மறுபுறம் தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமற்ற விரிகுடா. நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்திற்கு மேல் ஒன்பது அடியைத் தொடவில்லை. ஆயினும் செல்வம் அங்குக் கொழித்தது. டெக்சாசின் பருத்தி அந்தத் துறைமுகத்தின் வழியே உலகெங்கும் சென்றது. மின்விளக்கையும் தொலைபேசியையும் அம்மாநிலத்தில் முதலில் கண்ட நகரங்களுள் அதுவும் ஒன்று. 1900ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு 37,789 பேர் வாழ்ந்தனர். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்த கருப்பின மக்களும் அம்மக்கள் தொகையில் அடங்குவர்.

எச்சரிக்கை இல்லாமலில்லை. அதே கடற்கரையில் தென்மேற்கே இந்தியனோலா என்றொரு துறைமுக நகரம் செழித்திருந்தது. 1875ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. எஞ்சியவர்கள் மீண்டும் கட்டினர். 1886ஆம் ஆண்டு மற்றொரு புயல் வந்து மீந்ததையும் துடைத்துவிட்டது. அவ்வூர் மக்கள் மனமுடைந்து ஊரையே கைவிட்டனர். அதைக் கண்ட கால்வெஸ்டன் பெருமக்கள் கடற்சுவர் ஒன்று எழுப்புவது பற்றிப் பேசினர். பேச்சு நடந்தது, சுவர் எழவில்லை. செலவு மிகுதி என்றனர் சிலர். இதுவரை வந்த புயல்களையெல்லாம் தாங்கி நின்றோமே என்றனர் வேறு சிலர். கடற்கரையில் இயற்கை எழுப்பியிருந்த மணல் மேடுகளையும் வெட்டி எடுத்து, ஊரின் பள்ளங்களை நிரப்பப் பயன்படுத்தினர். இருந்த காவலையும் தம் கையாலேயே அகற்றிக்கொண்டனர் என்றே கூறவேண்டும்.

இந்த நம்பிக்கைக்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்தது. நகரின் வானிலை நிலையத் தலைவர் ஐசக் கிளைன் என்பவர். கடமை தவறாதவர், மருத்துவமும் பயின்றவர், ஊரார் மதிப்புக்கு உரியவர். 1891ஆம் ஆண்டு உள்ளூர் நாளிதழில் அவர் எழுதிய கட்டுரை ஒன்றில், கால்வெஸ்டனுக்குப் புயலால் பேரழிவு நேரும் என்று அஞ்சுவது அறிவுக்குப் பொருந்தாத மயக்கம் என்னும் கருத்தைத் தெரிவித்தார். கற்றவர் ஒருவரின் கூற்றைக் கல்லாதவர் நம்புவது இயல்பு. அந்நம்பிக்கையின் விலை ஒன்பதாண்டுகளுக்குப் பின்னர்த் தெரிய வந்தது.

கேளாத செவி

புயலைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'ஹரிக்கேன்' என்னும் சொல், கரிபியத் தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து ஸ்பானிய மொழியின் வழியே வந்ததாகும். சொல்லைத் தந்த மண், அதைப் பற்றிய அறிவையும் வளர்த்திருந்தது. கியூபாவின் தலைநகரான ஹவானாவில், பெலென் கல்லூரியைச் சேர்ந்த பெனித்தோ வின்யெஸ் என்னும் இயேசு சபைப் பாதிரியார், மேகங்களின் ஓட்டத்தையும் கடல் அலையின் போக்கையும் பல்லாண்டுகள் கூர்ந்து நோக்கிப் புயலின் வழியை முன்கூட்டியே கணிக்கும் முறையை வகுத்தார். அவர் 1893ஆம் ஆண்டு மறைந்த பின், அப்பணியை லொரென்சோ கங்கொய்த்தே என்னும் பாதிரியார் தொடர்ந்தார்.

1898ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அமெரிக்க வானிலைத் துறையினர் கியூபா அறிஞர்களின் முன்னறிவிப்புகளை மக்களை வீணே அச்சுறுத்துவன என இகழ்ந்தனர். 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், வானிலை பற்றிய கியூபா மக்களின் தந்திகளுக்குத் தடையும் விதிக்கப்பட்டது. ஆளுகின்றவன் அறிவாளி, ஆளப்படுகின்றவன் அறியாதவன் என்னும் எண்ணம் குடியேற்ற ஆட்சிகள் எல்லாவற்றிலும் காணப்பட்ட ஒரு நோய். அந்த நோய் வானிலைக் கணிப்பையும் விட்டுவைக்கவில்லை.

செப்டம்பர்த் தொடக்கத்தில் அப்புயல் கியூபாவைக் கடந்தது. அது வடக்கே வளைந்து, புளோரிடா வழியே அட்லாண்டிக் பெருங்கடலுக்குச் சென்றுவிடும் என வாஷிங்டன் கணித்தது. ஹவானாவில் இருந்தவர்களோ அது மேற்கு நோக்கி டெக்சாசுக்கே செல்லும் என்றனர். இரண்டாவது கணிப்பே மெய்யாயிற்று. வளைகுடாவின் வெதுவெதுப்பான நீரில் புயல் நாளுக்கு நாள் வலுத்தது. அக்காலத்தில் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இல்லை. நடுக்கடலில் புயலிடம் சிக்கிய மாலுமிகள் அதன் கொடுமையைக் கரைக்கு அறிவிக்க வழியின்றித் தவித்தனர். செப்டம்பர் 7, வெள்ளிக்கிழமை காலையில்தான் கால்வெஸ்டனில் புயற்கொடி ஏற்றப்பட்டது.

நீர் வந்த பகல்

மறுநாள் சனிக்கிழமை. விடியற்காலையிலேயே கடற்கரைத் தெருக்களில் நீர் புகுந்திருந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. அப்போது காற்று வடக்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. எதிர்காற்றையும் மீறிக் கடல் ஏறியது. தொலைவிலுள்ள புயலின் தள்ளுதலே இதற்குக் காரணம் என்பதை ஐசக் கிளைனும், அவருடன் பணியாற்றிய அவர்தம் தம்பி ஜோசப்பும் உணர்ந்து தலைமை நிலையத்திற்குத் தந்தி அனுப்பினர்.

மக்கள் அஞ்சவில்லை. தாழ்ந்த தெருக்களில் நீர் ஏறுவது அவர்களுக்குப் பழகிய ஒன்று. சிறுவர்கள் பலகைகளை ஓடமாக்கி விளையாடினர். பெரியவர்கள் குடையும் கையுமாக டிராம் ஏறிச் சென்று, கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டிருந்த குளியல் மண்டபங்களை அலைகள் உடைப்பதை வேடிக்கை பார்த்தனர். நண்பகலுக்குள் வடகாற்று விரிகுடாவின் நீரை ஒரு புறமிருந்தும், வளைகுடாவின் அலைகள் மறுபுறமிருந்தும் நகருக்குள் தள்ளின. இரு நீரும் நடுத்தெருவில் சந்தித்தன. பெருநிலத்தோடு தீவை இணைத்த பாலங்கள் அனைத்தும் பயனற்றுப் போயின. பிற்பகலில் தந்திக் கம்பிகளும் அறுந்தன. அதன்பின் அத்தீவு மக்களுக்கு உலகில் ஒருவரையொருவர் தவிர வேறு துணை இல்லை.

ஐசக் கிளைன் குதிரை வண்டியில் கடற்கரை நெடுகச் சென்று மக்களை மேட்டுப் பகுதிக்குப் போகுமாறு எச்சரித்ததாகவும், அதனால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்ததாகவும் பின்னாளில் அவரே எழுதினார். அன்று பிழைத்த பலரின் குறிப்புகளில் இச்செய்தி காணப்படவில்லை என்று கூறி, வரலாற்றாசிரியர் சிலர் இதை ஐயுறுகின்றனர். அவர் எச்சரித்திருக்கலாம், ஆனால் ஒன்பதாண்டுகள் ஊரில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையை ஒரு முற்பகலில் பிடுங்கி எறிந்துவிட முடியாது என்பது மட்டும் உறுதி.

அடைக்கலம் தேடிய இரவு

மாலையில் மக்கள் ஒருவர் வீட்டை ஒருவர் நாடத் தொடங்கினர். தம் வீடு ஆடுவதைக் கண்டவர்கள், தெருவில் எந்த வீடு உறுதியானது என்று நோக்கினர். கற்கட்டடம் உள்ளவர் வீட்டிற்கு மரவீட்டினர் சென்றனர். அங்கும் சுவர் பிளந்தபோது, இரு குடும்பங்களும் சேர்ந்து மூன்றாவது வீட்டை நாடின. மார்பளவு நீரில், குழந்தைகளைத் தோளில் சுமந்து, காற்றில் அம்பெனப் பறந்துவந்த கூரைக் கற்களுக்குத் தப்பிச் சென்றனர். பல வீடுகளில் ஆண்கள் கோடரி எடுத்துத் தம் வீட்டுத் தரையையே வெட்டித் திறந்தனர். நீரை வெளியே தடுத்தால், மரவீடு மரக்கலம் போல் மிதந்து சென்றுவிடும். உள்ளே விட்டால், அதன் எடை வீட்டை நிலத்தோடு இருத்தும். பகைவனாக வந்த வெள்ளத்தைக் கதவு திறந்து உள்ளே அழைத்தே வீட்டைக் காக்க வேண்டியதாயிற்று.

உர்சுலின் சபைக் கன்னியாஸ்திரீகளின் மடம் உயர்ந்த மதிலுடன் கற்கோட்டை போல் நின்றது. அங்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் அடைக்கலம் புகுந்தனர். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டோரையும் உள்ளே இழுத்துக் காத்தனர். வெளியே வீடுகள் நொறுங்கிய அந்த இரவில், அம்மடத்திற்குள் நான்கு குழந்தைகள் பிறந்தன. லூக்காஸ் டெரஸ் என்னும் அடுக்குமனையில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்து விழ, எஞ்சி நின்ற ஓர் அறையில் ஓர் இளம் பள்ளியாசிரியையும் அண்டை வீட்டாருமாக இருபதுக்கு மேற்பட்டோர் விடியும்வரை நின்று உயிர் தப்பினர்.

விரிகுடாவின் வாயிலுக்கு அப்பால் பொலிவர் முனையில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அதன் காவலர் சுற்றுவட்டாரத்தினர் அனைவருக்கும் கதவைத் திறந்துவிட்டார். நூற்றுக்கும் மேற்பட்டோர் சுழற்படிக்கட்டில் படிக்கு இருவராக அமர்ந்தனர். கீழே நீர் ஏற ஏற, கீழ்ப்படியினர் மேலே நெருங்கினர். அவ்விடத்திற்கு அருகில், போமாண்ட் நகரிலிருந்து 95 பயணிகளுடன் வந்த இரயில் ஒன்று, படகு கரை சேர முடியாமையால் நின்றிருந்தது. பயணிகளுள் பத்துப்பேர் துணிந்து இறங்கி, நீரில் நடந்து கலங்கரை விளக்கத்தை அடைந்தனர்; பிழைத்தனர். இரயிலே காவல் என்று அமர்ந்திருந்த 85 பேரும் மாண்டனர்.

நகருக்கு வெளியே கடலோரத்தில் புனித மரியாள் அநாதை இல்லம் இருந்தது. அங்கிருந்த பத்துக் கன்னியாஸ்திரீகள், தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உறுதியான கட்டடத்திற்கு அழைத்துச் சென்று, அவர்களின் அச்சம் நீங்கத் துதிப்பாடல் ஒன்றைப் பாடச் செய்தனர். பின்னர்த் துணி உலர்த்தும் கயிற்றை எடுத்து, பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகத் தம் இடையோடு பிணைத்துக்கொண்டனர். கட்டடம் சரிந்தது. மரம் ஒன்றைப் பற்றிக்கொண்ட மூன்று சிறுவர்கள் மட்டுமே பிழைத்தனர். கயிற்றால் பிணைக்கப்பட்ட நிலையிலேயே கண்டெடுக்கப்பட்டனர், தாய் போன்றவரும் பிள்ளைகளும். அச்சபையினர் இன்றும் செப்டம்பர் 8ஆம் நாளில் அப்பாடலைப் பாடி அவர்களை நினைவுகூர்கின்றனர்.

இனி ஐசக் கிளைனின் வீடு. புயலைத் தாங்குமாறு வலிமையாகக் கட்டப்பட்ட அவ்வீட்டைத் தெருவார் எல்லாரும் அறிவர். அது வானிலை அறிந்தவரின் வீடு வேறு. எனவே ஏறத்தாழ ஐம்பது பேர் அங்கு வந்து நிறைந்தனர். நகரின் நடுப்பகுதிக்குச் சென்றுவிடலாம் என்று தம்பி ஜோசப் வற்புறுத்தினார். அண்ணனின் மனைவி கோராவோ கருவுற்று நோயுற்றிருந்தார். அந்நிலையில் அவரை வெள்ளத்தில் இறக்க ஐசக் துணியவில்லை. மாலை ஏழரை மணியளவில், கண்மூடித் திறப்பதற்குள் நீர் நான்கடி உயர்ந்தது. பின்னர், டிராம் பாதையைத் தாங்கிய மரப்பாலத்தின் நீண்ட பகுதி ஒன்று தண்டவாளத்தோடு பெயர்ந்து வந்து, அலைக்கு அலை அவ்வீட்டை இடித்தது. வீடு கவிழ்ந்தது. ஜோசப் இரு சிறுமிகளைப் பற்றிக்கொண்டு சன்னல் வழியே பாய்ந்தார். ஐசக் தம் இளைய மகளோடு நீருக்குமேல் வந்தார். சிதைந்த மரங்களின்மேல் மூன்று மணி நேரம் மிதந்து அவர்கள் கரையொதுங்கினர். கோரா மீளவில்லை. அவ்வீட்டை நம்பி வந்தவர்களுள் 32 பேர் மாண்டனர். செப்டம்பர் இறுதியில் இடிபாடுகளுக்கிடையே ஓர் உடலைக் கண்டனர். விரலிலிருந்த மோதிரமே அது கோரா என்று சொல்லியது.

ஞாயிற்றுக்கிழமைக் காலை

நள்ளிரவுக்கு முன்பே நீர் வடியத் தொடங்கியது. செப்டம்பர் 9, ஞாயிறு காலை, வானம் தெளிந்திருந்தது. கடல் ஒன்றுமறியாததுபோல் அமைதியாகக் கிடந்தது. பிழைத்தவர்கள் வெளியே வந்து தெருவைத் தேடினர், தெரு இல்லை. எல்லாக் கடற்கரைகளிலும் புயலுக்குப் பின் மக்கள் செய்யும் முதல் வேலை அக்கம்பக்கத்தாரை அழைத்துப் பார்ப்பதுதான். கால்வெஸ்டனில் அன்று பெயர் சொல்லி அழைத்தவர்களுக்குப் பல இடங்களிலிருந்து மறுமொழி வரவில்லை.

கடற்கரையை ஒட்டிய பகுதி துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. 3,600க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நீர் பதினைந்து அடிக்கு மேல் உயர்ந்திருந்தது. நகரின் உச்சியும் ஒன்பதடியைத் தொடாத இடத்தில் அதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை. உடைந்த வீடுகளெல்லாம் ஒன்றுசேர்ந்து, மாடி உயரத்தில் மைல் கணக்கில் ஒரு சுவர்போல் குவிந்து கிடந்தன. அந்தக் குவியலே அலைகளுக்கு அணையாகி, நகரின் எஞ்சிய பகுதியைக் காத்தது. முன்வரிசையில் நின்ற வீடுகள் தம்மை இழந்து பின்வரிசை வீடுகளைக் காத்தன. கட்ட மறுத்த கடற்சுவரை நகரம் தன் சொந்த எலும்புகளால் ஓரிரவில் கட்டிக்கொண்டது எனலாம்.

மாண்டவர் தொகையைத் திட்டமாகக் கூறுவாரில்லை. ஆறாயிரத்திற்குக் குறையாது, எட்டாயிரம் என்பதே பெரும்பாலும் கூறப்படும் கணக்கு. அதற்கும் மிகுதியாகக் கூறுவாரும் உளர். எட்டாயிரம் என்று கொண்டால், ஊரில் ஐவருக்கு ஒருவர் இறந்தனர் என்பது பொருள். குடும்பத்தோடு அழிந்தவர்களின் பெயரைச் சொல்ல அண்டை வீட்டாரே இருந்தனர். அண்டை வீட்டாரும் அழிந்த இடத்தில் பெயரும் அழிந்தது. உள்ளூர் நாளிதழ் நாள்தோறும் இறந்தோர் பட்டியலை வெளியிட்டது. பிழைத்தவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல அது நீண்டது.

செய்தியை வெளியுலகிற்குச் சொல்லச் சிலர் சிறு கப்பலொன்றில் விரிகுடாவைக் கடந்து, பின்னர் ஹூஸ்டன் நகரை அடைந்து, திங்கள் விடியலுக்கு முன் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் தந்தி கொடுத்தனர். அதற்குள் ஞாயிறு பிற்பகலே நகரத்தார் கூடி, நடுவண் துயர்தீர்ப்புக் குழு ஒன்றை அமைத்துவிட்டனர். வட்டாரத்திற்கு ஒருவர் பொறுப்பேற்று, எவ்வீட்டில் எத்தனை பேர் மீந்தனர், எவருக்கு உணவில்லை, எவருக்குக் கூரையில்லை எனக் கணக்கெடுத்தார். வெளியிலிருந்து உதவி வருமுன்னரே ஊர் தன்னைத் தானே எண்ணிப் பார்க்கத் தொடங்கியது.

கறைபடிந்த பக்கம்

வரலாறு பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது. இறந்தோரை அடக்கம் செய்ய ஈரமண்ணில் இடமில்லை. வெயிலோ கடுமையாக இருந்தது. எனவே திங்கட்கிழமை எழுநூறு உடல்களைத் தட்டைப்படகில் ஏற்றிக் கடலில் இட முடிவு செய்தனர். இவ்வேலைக்குக் கருப்பின ஆடவர் ஐம்பதின்மர் துப்பாக்கி முனையில் பிடித்து வரப்பட்டனர். அவர்களும் அதே இரவில் அதே வெள்ளத்தில் தம் குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர்களே. கடலில் இட்ட உடல்கள் சில நாட்களில் அலையோடு கரைக்கே திரும்பின. பின்னர் இடிபாட்டு மரங்களையே விறகாக்கி, கண்டெடுத்த இடங்களிலேயே எரித்தனர். அச்சிதைகள் வாரக்கணக்கில் எரிந்தன.

பிணங்களின் நகைகளைக் கருப்பின மக்கள் கொள்ளையிட்டதாகவும், அதற்காகப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டதாகவும் வெளியூர் இதழ்கள் கதை கதையாக எழுதின. அவை பெரிதும் மிகைப்படுத்தப்பட்டவை என்பதே பின்னாளைய ஆய்வாளர் கருத்து. வெள்ளம் தெருவில் ஏறியபோது நிறம் பார்க்கவில்லை. நீர் வடிந்ததும் மனிதர் மீண்டும் நிறம் பார்த்தனர். இப்பக்கத்தை மறைத்துவிட்டு அண்டை அயலாரின் அன்பை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

உதவி பல திசைகளிலிருந்தும் வந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் அமெரிக்கக் கிளையை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார், எழுபத்தெட்டு வயதில் தாமே நேரில் வந்து இரு திங்கள் அளவு தங்கிப் பணியாற்றினார். உணவும் உடையும் கொடுத்ததோடு அவர் நில்லாமல், பெருநிலத்தில் பயிரிழந்த உழவர்க்கு இலட்சக்கணக்கில் ஸ்ட்ராபெர்ரி நாற்றுகளை வழங்கச் செய்தார். கையேந்தியவனைத் தன் காலில் நிற்கச் செய்வதே மெய்யான உதவி என்பதை அவர் அறிந்திருந்தார்.

உயர்த்தப்பட்ட நகரம்

இந்தியனோலா மக்கள் ஊரைக் கைவிட்டனர். கால்வெஸ்டன் மக்கள் கைவிட மறுத்தனர். 1901ஆம் ஆண்டு, துறைக்கொரு பொறுப்பாளரைக் கொண்ட ஆணையர் ஆட்சிமுறையை வகுத்துக்கொண்டனர். அம்முறை விரைவில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பரவியது. விரைந்து செயற்பட அது உதவியது உண்மை; வட்டார உறுப்பினர் முறை நீங்கியதால், ஊரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரான கருப்பின மக்கள் மன்றத்தில் இடமின்றிப் போனதும் உண்மை.

கடலைத் தடுக்கும் வழி காண மூன்று பொறியியலாளர் அமர்த்தப்பட்டனர். அவர்களுள் ஹென்றி ராபர்ட் என்பவர், சங்கக் கூட்டங்களை நடத்தும் விதிமுறை நூலை எழுதி உலகறிந்தவர். 1902இல் தொடங்கி 1904இல் முடிந்த கடற்சுவர், பதினேழு அடி உயரமும் மூன்று மைலுக்கு மேல் நீளமும் கொண்டது. பின்னர்ப் பல கட்டங்களில் அது பத்து மைல் வரை நீண்டது.

சுவரினும் வியப்புக்குரியது, ஊரையே தூக்கிய செயல். 1903 முதல் 1911 வரை, ஏறத்தாழ 500 கட்டடத் தொகுதிகள் அடங்கிய பரப்பில், 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் உயர்த்தி, கடலடி மணலை நீரோடு குழாய் வழியே கொண்டுவந்து அடியில் நிரப்பினர். சில இடங்களில் சில அங்குலம். சில இடங்களில் பத்தடிக்கும் மேல். மூவாயிரம் டன் எடையுள்ள புனித பாட்ரிக் தேவாலயத்தை 700 ஜாக்கிகள் கொண்டு ஐந்தடி உயர்த்தினர். தொழிலாளர் அனைவரும் ஒரே அறிகுறிக்கு ஒரே அளவு திருகவேண்டும். ஒருவர் தவறினாலும் சுவர் பிளக்கும். மணல் நிரம்பும்வரை மக்கள் ஆண்டுக்கணக்கில் உயரப் பலகைப் பாலங்களின்மேல் நடந்து கடைக்கும் பள்ளிக்கும் சென்றனர். வீட்டை உயர்த்தும் செலவு வீட்டுக்காரருடையது. ஆனால் ஒரு வீட்டை மட்டும் உயர்த்திப் பயனில்லை. தெரு முழுவதும் உயர்ந்தால்தான் வீடு பிழைக்கும். அண்டை வீட்டான் நலம் வேறு, தன் நலம் வேறு அன்று என்பதை மணலும் பொறியியலும் மக்களுக்கு எண் கணக்காக எழுதிக் காட்டின.

1915ஆம் ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் ஒரு கொடும்புயல் வந்தது. வட்டாரம் முழுவதும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். சுவருக்குள் இருந்த நகரில் மாண்டவரோ பத்துப் பதினொருவர் அளவே. எனினும் வாணிகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1914இல் திறக்கப்பட்ட கப்பற்கால்வாய் வழியே உள்நாட்டு நகரமான ஹூஸ்டன் பெருந்துறைமுகமாக வளர்ந்தது. கடலும் தன் உரிமையை முற்றும் விட்டுவிடவில்லை. 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஐக்' என்னும் புயலின்போது, சுவரில்லாத விரிகுடாப் பக்கமாக நீர் சுற்றிவந்து நகருக்குள் புகுந்தது. பாதுகாப்பு என்பது ஒருமுறை கட்டி முடித்துவிடும் பொருளன்று என்பதை அது நினைவூட்டியது.

ஒரு கடன்

ஐசக் கிளைன் அதன்பின் நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு மாற்றப்பட்டார். எஞ்சிய பணிநாட்களைப் புயலால் எழும் கடற்பெருக்கை ஆராய்வதில் செலவிட்டார். புயலில் காற்றைவிட நீரே பெரிதும் கொல்கின்றது என்பதை வலியுறுத்தி, 1926ஆம் ஆண்டு நூலொன்றும் வெளியிட்டார். 1891இல் தாம் எழுதிய ஒரு கட்டுரைக்கு, வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய மறுப்பே அவ்வாராய்ச்சி என்று கொள்வதில் தவறில்லை. 1955ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

அந்த இரவில் ஐம்பது பேர் அவர் வீட்டை நாடி வந்தது ஏன் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டின் தூண்களை நம்பியதோடு, வீட்டுக்காரரின் அறிவையும் அவர்கள் நம்பினர். கற்றவர் வீட்டின் விளக்கு, இருட்டில் வழி தேடுபவர்களுக்கு எப்போதும் தெரிகின்றது. ஆசிரியர், மருத்துவர், அதிகாரி, எழுத்தாளர் என எவராயினும், ஊரார் தம்மை நம்பும்போது ஒரு கடனுக்கு உள்ளாகின்றார். அறிந்ததை அறிந்த அளவிலேயே சொல்வதும், அறியாததை அறிந்தவர்போல் கூறாதிருப்பதும், எளியவர் சொல்லாயினும் செவிகொடுத்துக் கேட்பதும் அக்கடனைத் தீர்க்கும் வழிகளாம்.

அதே இரவில் வேறோர் உண்மையும் விளங்கிற்று. கலங்கரை விளக்கத்தின் காவலருக்கு வானிலை அறிவு மிகுதியாக இருந்திருக்க வேண்டியதில்லை. கதவைத் தாழிடாதிருக்கும் மனம் அவருக்கு இருந்தது. படிக்கட்டில் முன்னரே அமர்ந்திருந்தவர்கள், புதியவர் வரும்போதெல்லாம் ஒரு படி மேலே நகர்ந்து இடம் விட்டனர். அறிவுள்ளவர் எச்சரிக்கவும், வலிமையுள்ளவர் சுவர் எழுப்பவும் கடமைப்பட்டவர். இவ்விரண்டும் தவறிய இரவில் மனிதனைக் காப்பதற்கு எஞ்சி நிற்பது, ஒரு படி மேலே நகர்ந்து இடம் விடும் அண்டை வீட்டாரின் நெஞ்சமே.